கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுவது கருணையா, கடமையா?

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரம் ஆகும். நமக்குத் தெரிந்த நீர்ப்பரப்பு கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அணையும்தான். ஆனால் கெலவரப்பள்ளியிலும், ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணை அருகிலும் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் கடலைக் கடந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. தலைமன்னார் பக்கத்திலிருந்து இரவோடு இரவாகப் படகேறி, தனுஷ்கோடிக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, பிறகு உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். நம் தொழிற்பேட்டைகளில் நம்மோடு வேலை பார்ப்பவர்களில் அவர்களின் பிள்ளைகளும் உண்டு.

அந்தக் கடல் பயணம் இன்றும் முடிந்துவிடவில்லை. இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, 2022 மார்ச் 22 அன்று, அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள நான்காம் மணல் திட்டில் ஆறு பேர் தவித்து நின்றார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. படகோட்டி அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் சென்று அவர்களைக் கரை சேர்த்தது. அன்று அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா, விசா இருக்கிறதா என்று கேட்ட பிறகு ஏற்றவில்லை. முதலில் ஏற்றினார்கள், விசாரணை பிறகுதான் நடந்தது.

இது அந்த வீரர்களின் நல்ல மனது மட்டும்தானா? அல்லது அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? காப்பாற்றியவரை மறுபடி ஆபத்தான இடத்துக்கே அனுப்பலாமா? ரோஹிங்யா சகோதரர்களின் படகுகள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் இந்தக் கேள்விகளுக்குச் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

நெடுஞ்சாலையில் ஒரு சட்டம், கடலில் ஒரு சட்டம்

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடக்கிறது. விபத்தை உண்டாக்கிய வாகனத்தின் ஓட்டுநர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் அந்த வழியே போகும் மூன்றாம் நபர் நின்று உதவத்தான் வேண்டும் என்று பொதுவான சட்டக் கட்டாயம் இல்லை. உதவ முன்வந்தால் அவரைப் போலீஸ், கோர்ட்டு என்று அலைக்கழிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதி செய்த அந்தப் பாதுகாப்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

கடலில் நிலைமை வேறு. அங்கே வழிப்போக்கருக்கும் கடமை உண்டு. நடுக்கடலில் ஆம்புலன்ஸ் வராது. பக்கத்து ஊர் ஆள் ஓடி வர மாட்டார். அருகில் போகும் கப்பல் ஒன்றுதான் கதி. அதனால் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து, கடலில் செல்லும் ஒவ்வொரு கப்பலின் கேப்டன் மீதும் காப்பாற்றும் பொறுப்பைச் சுமத்தியிருக்கின்றன.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை உண்டு. அவர் கர்நாடகாவைச் சேர்ந்தவரா, வேற்று நாட்டவரா என்று பார்ப்பதில்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டித் தினமும் போய் வரும் நமக்கு இதன் அருமை தெரியும். ஆபத்தில் இருப்பவரின் ஊரைக் கேட்காதே என்ற அதே நெறிதான் கடல் சட்டத்தின் அடிப்படை.

சட்டம் வந்த வழி

கடலில் உயிர் காப்பது மாலுமிகளிடையே மிகப் பழைய வழக்கம். அது உலக அளவில் எழுத்தில் வந்தது 1910இல், பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில். தன் கப்பலுக்கும் அதில் உள்ளவர்களுக்கும் பெரும் ஆபத்து இல்லாத வரை, கடலில் உயிருக்குப் போராடும் எவருக்கும் கேப்டன் உதவ வேண்டும். அவர் எதிரி நாட்டவராக இருந்தாலும் உதவ வேண்டும் என்று அது விதித்தது.

இரண்டே ஆண்டுகளில், 1912இல், டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அந்தப் பேரிழப்பின் விளைவாக 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கை உருவானது. 'சோலாஸ்' என்று மாலுமிகள் அழைக்கும் அந்த உடன்படிக்கையின் 1974ஆம் ஆண்டு வடிவம்தான் இன்று நடைமுறையில் இருப்பது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தின் 33ஆம் விதி, ஆபத்துச் செய்தி எங்கிருந்து வந்தாலும், உதவக்கூடிய நிலையில் இருக்கும் கேப்டன் முழு வேகத்தில் அங்கே விரைய வேண்டும் என்கிறது. போக முடியாவிட்டால் அதற்கான காரணத்தைக் கப்பலின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆபத்தில் உள்ளவரின் நாடு, தகுதி, அவர் அங்கே வந்த சூழ்நிலை எதையும் பார்க்கக் கூடாது.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 98ஆம் பிரிவில் இதையே நாடுகளின் கடமையாக்கியது. தன் கொடியைப் பறக்கவிடும் கப்பல்கள் இந்தக் கடமையைச் செய்யும்படி ஒவ்வொரு நாடும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரை உள்ள நாடுகள் தேடுதல், மீட்புப் பணிக்குத் தகுந்த அமைப்பை நடத்த வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை 1995இல் ஏற்று உறுதி செய்தது.

1979இல் ஹாம்பர்க் நகரில் உருவான தேடுதல்–மீட்பு உடன்படிக்கையின்படி, உலகக் கடல்கள் மீட்பு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. இந்தியாவின் பொறுப்பில் இருப்பது சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் வழியாகக் கடலோரக் காவல்படை இந்தப் பணியை நடத்துகிறது. 1978ஆம் ஆண்டின் கடலோரக் காவல்படைச் சட்டம், ஆபத்தில் சிக்கும் மீனவருக்கு உதவுவதையும் கடலில் உயிரையும் உடைமையையும் காப்பதையும் அந்தப் படையின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திலும், ஆபத்து அழைப்பைக் கேட்டும் உதவாமல் போவது தண்டனைக்குரிய குற்றமாக வைக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது.

இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் கேரளக் கடலில் சாய்ந்தது. லைபீரியக் கொடி, பல நாட்டு மாலுமிகள். கடலோரக் காவல்படையும் கடற்படையும் சேர்ந்து மறுநாள் காலைக்குள் 24 பேரையும் உயிரோடு மீட்டன. அவர்களைக் கரையில் இறக்கலாமா என்று யாரும் விவாதிக்கவில்லை.

காப்பாற்றிய பிறகு எங்கே இறக்குவது?

படகில் இருப்பவர் அகதியாக இருந்தால் மட்டும் அந்த விவாதம் வந்துவிடுகிறது. 2001 ஆகஸ்டில் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலான டாம்பா, இந்தியப் பெருங்கடலில் மூழ்கும் நிலையில் இருந்த மரப்படகிலிருந்து 433 அகதிகளைக் காப்பாற்றியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கிறிஸ்துமஸ் தீவில் இறக்க ஆஸ்திரேலியா அனுமதி மறுத்தது. கேப்டன் அதை மீறிச் சென்றபோது கப்பலுக்குள் இராணுவத்தை அனுப்பியது. கடமையைச் செய்த கப்பல் நாட்கணக்கில் கடலில் நிறுத்தப்பட்டது.

இப்படி நடந்தால் அடுத்த கேப்டன் ஆபத்துக் குரலைக் கேட்டும் கேளாதவர் போலப் போய்விடுவார் என்று உலக நாடுகள் உணர்ந்தன. அதனால் 2004இல் உடன்படிக்கைகள் திருத்தப்பட்டு, 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மீட்கப்பட்டவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கினால்தான் மீட்பு முழுமையடையும். எந்த நாட்டின் மீட்பு வட்டாரத்தில் சம்பவம் நடந்ததோ, அந்த இடத்துக்கு ஏற்பாடு செய்யும் முதன்மைப் பொறுப்பு அந்த நாட்டுடையது. காப்பாற்றிய கப்பலை வீணாகத் தாமதப்படுத்தக் கூடாது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இடம் தேடித் தர ஏற்பாடு செய் என்கிறது சட்டம். உன் மண்ணில்தான் இறக்க வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லவில்லை. உயிர்கள் பறிபோவது இந்த ஓட்டையில்தான்.

113 நாட்கள்

2021 பிப்ரவரி 11 அன்று வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரிலிருந்து சுமார் 90 ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு புறப்பட்டது. பெரும்பாலோர் பெண்கள். நடுவழியில் எஞ்சின் பழுதானது. உணவும் நீரும் தீர்ந்தன. இந்தியக் கடலோரக் காவல்படை அந்தமான் கடலில் அவர்களைக் கண்டுபிடித்தபோது எட்டுப் பேர் இறந்திருந்தார்கள், ஒருவரைக் காணவில்லை, 81 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த விவரத்தை வெளியுறவுத் துறையே பிப்ரவரி 25 அன்று அறிவித்தது. நம் படையினர் உணவு, நீர், மருந்து கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய பணி அது.

ஆனால் அவர்கள் கரை இறக்கப்படவில்லை. வங்கதேசம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது இந்தியா. தனக்கு அந்தக் கடமை இல்லை என்றது வங்கதேசம். கடைசியில் ஜூன் 4 அன்று, அந்த 81 பேரும் இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் உள்ள ஆளில்லாத ஒரு சிறு தீவில் ஒதுங்கினார்கள். புறப்பட்டு 113 நாட்கள் ஆகியிருந்தன. உணவு கொடுப்பது உதவி. கரை சேர்ப்பதுதான் மீட்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதை இந்தப் படகின் கதை சொல்லிவிடுகிறது.

மனித உரிமைச் சட்டம் எங்கே வருகிறது?

கடல் சட்டம் விட்ட இடத்தில் மனித உரிமைச் சட்டம் தொடர்கிறது. கரை சேர்ந்தவரை உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்பது அதன் முக்கிய விதி. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவில் அது உள்ளது. இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் உயிர் வாழும் உரிமையை உறுதி செய்யும் 1966ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இலேயே சேர்ந்துவிட்டது.

கடலில் நடப்பதற்கும் இந்த உரிமைகள் பொருந்துமா? இரண்டு தீர்ப்புகளைப் பார்ப்போம்.

முதலாவது 2012இல் வந்தது. 2009 மே மாதம் இத்தாலியக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் சுமார் 200 பேரை மறித்து, ஏற்றி, லிபியாவில் கொண்டுபோய் ஒப்படைத்தன. அவர்களில் சோமாலியா, எரித்ரியா நாட்டைச் சேர்ந்த 24 பேர் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு நாட்டின் கப்பலில் ஏறிய கணமே அவர்கள் அந்த நாட்டின் அதிகாரத்தின் கீழ் வந்துவிட்டார்கள். நடுக்கடல் என்பதால் மனித உரிமை மறைந்துவிடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இரண்டாவது 2021 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைக் குழு அளித்த முடிவு. 2013 அக்டோபர் 11 அன்று மால்டாவின் மீட்பு வட்டாரத்தில் மூழ்கிக்கொண்டிருந்த படகிலிருந்து இத்தாலிக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி அழைப்புகள் போயின. அருகில் இத்தாலியக் கடற்படைக் கப்பல் இருந்தும் உரிய நேரத்தில் அனுப்பப்படவில்லை. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பல குழந்தைகள். 'அது எங்கள் வட்டாரம் இல்லை' என்ற பதில் செல்லாது, உயிர் வாழும் உரிமையைக் காக்க இத்தாலி தவறிவிட்டது என்று குழு கூறியது.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிருக்கும் தனி மனித சுதந்திரத்துக்கும் காவல். அது 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 'எவரும்' என்று சொல்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்கள் தொடர்பான வழக்கில், குடிமக்கள் அல்லாதோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதி செய்தது. அதேசமயம், 2021 ஏப்ரலில் ஜம்முவில் இருந்த ரோஹிங்யா மக்கள் தொடர்பான வழக்கில், நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கான 19ஆம் பிரிவோடு சேர்ந்தது என்று கூறி, உரிய நடைமுறையைப் பின்பற்றி அவர்களை அனுப்பலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

2025 மே மாதம், டெல்லியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ரோஹிங்யா மக்கள் மியன்மார் கரைக்கு அருகே கடலில் இறக்கிவிடப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் இது குறித்து விசாரணை தொடங்கினார். உச்ச நீதிமன்றமோ மனுவில் சொல்லப்பட்டதை நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஐயம் தெரிவித்து, இடைக்கால உத்தரவு தர மறுத்தது. ஆக, நம் சட்டத்தில் 'காப்பாற்று' என்ற கட்டளை தெளிவாக இருக்கிறது. 'திருப்பி அனுப்பாதே' என்ற பாதுகாப்பு அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லாததுதான் இதற்கு முக்கியக் காரணம்.

மீனவர்கள் காட்டிய வழி

அரசுகள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கை நீட்டியவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். 2015 மே மாதம் அந்தமான் கடலில் ஆயிரக்கணக்கான ரோஹிங்யா, வங்கதேச மக்கள் எந்த நாடும் ஏற்காமல் மிதந்தார்கள். அச்சே மீனவர்கள்தான் நூற்றுக்கணக்கானோரைத் தங்கள் படகுகளில் ஏற்றி வந்தார்கள். கடலில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் தூக்கிவிடுவது அவர்களின் பாரம்பரியக் கடல் வழக்கம்.

நம் மொழி பேசும் கரையிலும் இது நடந்தது. 2022 டிசம்பரில் யாழ்ப்பாணம் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த 104 ரோஹிங்யா மக்களை இலங்கைக் கடற்படை மீட்டு காங்கேசன்துறையில் கரை இறக்கியது. 2024 டிசம்பர் 19 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. 2009இல் போரின் கடைசி நாட்களைக் கண்ட அதே கரை. அவர்களை முதலில் கண்டது அங்குள்ள தமிழ் மீனவர்கள்தான். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது மன்னார் தீவு முஸ்லிம்களும் கடல் வழியாகத்தான் கற்பிட்டிக்குப் போனார்கள். படகேறி ஓடும் நிலை எந்தச் சமூகத்துக்கும் வரலாம்.

உதவினால் ஆள் கடத்தல் வழக்கு வருமோ என்ற அச்சம் மீனவருக்கு உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 2007இல் 44 பேரைக் காப்பாற்றி இத்தாலியில் கரை சேர்த்த ஏழு துனிசிய மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் இரு படகுத் தலைவர்கள் முழுமையாக விடுதலை பெற 2011 வரை ஆனது. ஆனால் 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறையின்படி, பணமோ பிற பொருள் லாபமோ பெறும் நோக்கம் இருந்தால்தான் அது ஆள் கடத்தல். இந்தியாவும் அந்த நெறிமுறையில் 2011இல் சேர்ந்திருக்கிறது. உயிர் காப்பதற்காகக் கை நீட்டியவரும் காசு வாங்கிக்கொண்டு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலில் ஆபத்து என்று தெரிந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். படகு இருக்கும் இடம், எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, எஞ்சின் ஓடுகிறதா, தண்ணீர் புகுகிறதா என்பதைச் சொன்னால் போதும். இராமேஸ்வரத்துக்கோ நாகூருக்கோ ஏர்வாடிக்கோ பயணம் போகிறவர்கள் இந்த எண்களைத் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆபத்துச் செய்தி வந்தால் கேப்டன் போயாக வேண்டும். சரக்கு தாமதமாகும் என்பதற்காகக் கப்பல் உரிமையாளர் அவரைத் தடுக்க முடியாது. மீட்கப்பட்டவர்களில் தஞ்சம் கேட்பவர் இருந்தால், அவர் எந்த நாட்டை விட்டு ஓடி வந்தாரோ அந்த நாட்டிடம் அவர் பெயரையும் விவரத்தையும் கொடுக்கக் கூடாது என்பதும் உலகக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்.

வாட்ஸ்அப்பில் 'அகதிப் படகு ஊடுருவல்' என்று செய்தி வந்தால், அந்தப் படகில் யார் இருந்தார்கள், எத்தனை நாள் உணவில்லாமல் இருந்தார்கள் என்று ஒரு நிமிடம் விசாரித்துவிட்டுப் பகிர்வது நல்லது. ஓர் உயிரை வாழ வைப்பதன் மதிப்பை நம் பிள்ளைகளுக்கு அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்திலிருந்து சொல்லித் தருகிறோம். அந்த மதிப்பை உலக நாடுகளும் தங்கள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லித் தரலாம்.

கடலில் தத்தளிப்பவரைத் தூக்கிவிடுவது கருணை மட்டும் அல்ல, கடமை. அவரைப் பாதுகாப்பான கரையில் இறக்கும் வரை அந்தக் கடமை முடிவதில்லை. ஓசூரில் நம் தெருவிலேயே, அப்படிக் கரை சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம்.